ஐந்தாவது முட்டைக்கு வைத்த பெயர்

நம் வயதுக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இன்றைய பிள்ளைகள் போகிற போக்கில் ஒன்றைக் கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். நாம்தான் அதை வைத்துக்கொண்டு ஒரு வாரம் புரள வேண்டும். என் மகள் கைப்பேசியில் டைனோசர் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தவள், "இதுங்களுக்கெல்லாம் யாரும்மா பேரு வைக்கிறது?" என்று கேட்டாள். எங்கோ வெளிநாட்டில் ஆட்கள் உட்கார்ந்து யோசித்து வைப்பார்கள் என்றேன். அவளுக்கு அது போதுமாக இருந்தது. எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. ஒரு டைனோசர் படத்துக்கு நாங்களே பெயர் வைத்திருக்கிறோம். அந்தப் பருவம் முடிவதற்குள் எங்கள் வீட்டில் ஒரு ஆள் குறைந்தது.

தொண்ணூறுகளின் முதல் பாதி. கொடகவெலயிலிருந்து மேலே ஏறி, பஸ் திரும்புகிற இடத்தையும் தாண்டி நடந்தால் எங்கள் தேயிலைத் தோட்டத்து டிவிசன். எனக்குப் பதினொரு வயது, தங்கச்சிக்கு ஐந்து. வரிசையாக ஒட்டிக் கட்டின எங்கள் லயத்து வீடுகளுக்கு அப்போது கரண்ட் கிடையாது. பக்டரிக்குப் பக்கத்தில் இருந்ததால் பிள்ளைக் காம்பராவுக்கு மட்டும் இழுத்துக் கொடுத்திருந்தார்கள். கொழுந்து எடுக்கப் போகிற பெண்கள், பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகளைக் காலையில் விட்டுவிட்டுப் போகிற நீளமான தகரக் கூரைக் கட்டடம் அது. அங்கே ஒரு ஆயா இருந்தார். எங்கள் எல்லோரையும் தொட்டிலில் போட்டு ஆட்டியவர் அவர்தான். எங்கள் அம்மாமாரில் பாதிப் பேர் அவருக்குப் பயப்படுவார்கள்.

தோட்டத்து உதவி மானேஜர், சின்னத்துரை என்போம், மாற்றலாகிக் கொழும்புக்குப் போனபோது அவருடைய மனைவி ஒரு பழைய டீவியையும் டெக்கையும் ஒரே ஒரு வீடியோ கேசட்டையும் பிள்ளைக் காம்பராவுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். தோட்டமே அதைப் பார்க்கத் திரண்டது. ஆயா ஒரு சட்டம் போட்டார். ஞாயிற்றுக்கிழமை பகலில் மட்டும், கால் கழுவின பிள்ளைகளுக்கு மட்டும். நாங்கள் அட்டைக் கடியைத் துடைத்துவிட்டு, சவர்க்காரம் போட்டுக் காலைத் தேய்த்துக்கொண்டு வரிசையில் நிற்போம். என் வாழ்க்கையில் அதற்குப் பிறகு எந்த இடத்துக்கும் அவ்வளவு சுத்தமாக நான் போனதில்லை.

படம் இவ்வளவுதான். ஒரு ஆற்றங்கரைச் சேற்றில் ஐந்து முட்டைகள். தாய் டைனோசரைக் காணவில்லை. நான்கு முட்டைகள் உடைந்து நான்கு குஞ்சுகள் வருகின்றன. ஒன்று நீளக் கழுத்து, ஒன்று கொம்பு, ஒன்று முதுகில் தட்டுத் தட்டாக, ஒன்று எப்போதும் அழுகிற குட்டை. ஐந்தாவது முட்டை உடையவே இல்லை. நான்கும் அதைச் சுற்றிச் சுற்றி வருகின்றன, காதை வைத்துக் கேட்கின்றன, விட்டுவிட்டுக் கொஞ்ச தூரம் போகின்றன, பிறகு திரும்பி வருகின்றன. பேச்செல்லாம் இங்கிலீஷ். எங்களுக்கு ஒரு சொல்லும் விளங்காது.

பக்டரியில் ரோலர் ஓடத் தொடங்கினால் பிள்ளைக் காம்பராவில் கரண்ட் இறங்கிவிடும். படம் நான்கு பக்கமும் சுருங்கி நடுவில் வந்து நிற்கும். சத்தம் மெல்ல மெல்லத் தடித்து இழுபடும். கீச்சுக் குரலில் பேசிக்கொண்டிருந்த குஞ்சுகள் திடீரென்று கிழவர்களின் குரலில் ஏதோ சொல்லும். சின்னப் பிள்ளைகள் சேலைத் தொட்டில்களுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். டெக்கைச் சரிபார்க்க வந்திருந்த சிங்கள மாத்தயா ஒரு தடவை அப்படி இருந்தபோது, "பய வென்ன எபா நங்கி, கரண்ட் மதி," என்று தங்கச்சியின் தலையைத் தடவிச் சொன்னார். பயப்படாதே, கரண்ட் போதவில்லை, அவ்வளவுதான் என்று. தங்கச்சி பயந்திருக்கவே இல்லை. அவள் டீவிக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து அந்தக் கிழட்டுக் குரல்களைத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது ஞாயிறோ மூன்றாவது ஞாயிறோ அவள் கையை நீட்டிப் பெயர் வைத்தாள்.

"இது பாக்கியம். கொம்பு வச்சது செல்லத்தொர. இது ராமாயி. அழுவுறது மாரிமுத்து."

எல்லோரும் சிரித்தோம். எங்கள் வகுப்பில் அப்படிப் பெயருள்ள ஒருவரும் கிடையாது. எல்லாம் எங்கள் அம்மாமாருக்கும் முந்தின காலத்துப் பெயர்கள். அதனாலேயே அவை அந்தப் பிராணிகளுக்குக் கச்சிதமாகப் பொருந்தின. "அப்ப முட்டைக்கு?" என்று யாரோ கேட்டார்கள். தங்கச்சி யோசித்தாள். அவளுக்கு ஒன்றும் வரவில்லை. எனக்குப் பொறுமை குறைவு, இப்போதும் அப்படித்தான். "காந்திமதி," என்றேன்.

அந்தப் பெயர் எனக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள். கேட்டுக் கேட்டு நானே களைத்துவிட்டேன். வாயைத் திறந்தேன், அது வந்தது.

அதன் பிறகு எங்களுக்கு வேறு விளையாட்டில்லை. ஓடைக்கு மேலே ஒரு மலை இருந்தது. அதன் ஓரத்தில் ஐந்து தேயிலை மட்டும் கவ்வாத்து வெட்டாமல் விட்டிருந்தார்கள். மற்றத் தேயிலையெல்லாம் இடுப்பளவு நிற்க, அந்த ஐந்தும் எங்கள் லயத்துக் கூரைக்கு மேல் மரமாக வளர்ந்து நின்றன. தேயிலை மரமாகும் என்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. யாரும் அதில் கொழுந்து கிள்ளுவதில்லை, விறகு ஒடிப்பதில்லை. ஏன் என்று நாங்கள் கேட்டதுமில்லை. அடியில் சேறு நல்ல மெத்தென்று இருக்கும், ஆற்றங்கரைக்கு அதைவிடத் தோதான இடம் கிடைக்காது. ஒவ்வொரு மரத்தடியிலும் ஒருவர் குந்தியிருப்போம். ஒருவர் தூரத்தில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவார். கூப்பிட்டால் முட்டையை உடைத்துக்கொண்டு எழும்ப வேண்டும். நான் ஐந்தாவது மரத்தடியில் குந்தியிருப்பேன். காந்திமதி எழும்பக்கூடாது என்பது விளையாட்டின் விதி. எல்லோரும் எழும்பிப் போனபிறகு, அந்த ஈரத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு இருப்பது எனக்குப் பிடித்திருந்தது. மண்ணுக்குள் யாரோ மூச்சுவிடுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்கும். ஓடைத் தண்ணீராக இருக்கும்.

ஒரு நாள் நாலு மணிக்கு, கொழுந்தை எடைபோட்டுவிட்டு வந்த பெண்கள் அந்த வழியாக இறங்கினார்கள். விளையாட்டில் ஒருவன் "பாக்கியம், ஏ பாக்கியம்" என்று கத்திக்கொண்டிருந்தான். வரிசையில் வந்த ஒரு பெண் நின்றார். கடைசி லயத்துக்காரர், வாய் திறந்து பேசுவதே அபூர்வம். அவர் கூடையை இறக்கவில்லை. "என்னாம்மா," என்று பதில் சொன்னார். எங்களைப் பார்த்துச் சொல்லவில்லை. மரத்தைப் பார்த்துச் சொன்னார்.

அன்று பொழுது சாய்வதற்குள் லயம் முழுக்கத் தெரிந்துவிட்டது. எங்களுக்கும் அப்போதுதான் தெரிந்தது. நாங்கள் பிறப்பதற்கு முன், பஞ்சம் வந்த வருடம் என்று பெரியவர்கள் குரலைத் தாழ்த்திச் சொல்கிற அந்த வருடத்தில், ஒரே மழைக் காலத்தில் எங்கள் டிவிசனில் ஐந்து கைக்குழந்தைகள் போயிருந்தன. பல் முளைக்காத பிள்ளைகளை எரிப்பதில்லை. ஓடையோரத்தில் புதைத்துவிட்டு, மேலே கல்லுக்குப் பதிலாக ஒரு தேயிலையை அடையாளம் வைத்திருந்தார்கள். அப்படிப் போன பிள்ளையின் பெயரை அப்புறம் வீட்டில் சொல்லக்கூடாது. வேறு பிள்ளைக்கும் வைக்கக்கூடாது. சொன்னால் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து அது வந்துவிடும். நான்கு தாய்மார் இருபது வருடம் போலப் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லாமல் வைத்திருந்த நான்கு பெயர்களை, நாங்கள் தினமும் மலை அதிரக் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறோம்.

யார் வைத்த பெயர் என்று விசாரித்தார்கள். எல்லா விரலும் தங்கச்சியைக் காட்டின. என் விரலும்தான்.

அம்மா அவளை மடியில் உட்கார வைத்து, "ஒனக்கு யாரு சொன்னா?" என்று கேட்டாள். தங்கச்சி, "அதுங்க பேரு அதான்," என்றாள். எத்தனை தடவை கேட்டாலும் அதே பதில். பக்கத்து வீட்டுக்காரர்கள் தங்கள் பிள்ளைகளை அவளோடு விடாமல் பிடித்துக்கொண்டார்கள். அவள் வாசல் திண்ணையில், இஸ்தோப்பில், தனியாக உட்கார்ந்து ஈர்க்குச்சிகளை அடுக்கி விளையாடினாள். எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, கிட்டே போகக் கூச்சமாகவும் இருந்தது. உள்ளதைச் சொல்கிறேன்.

அந்த வாரம் பள்ளிக்கூடத்தில் பாதி நாளோடு விட்டுவிட்டார்கள். தங்கச்சியைக் கூட்டிவரப் பகலில் பிள்ளைக் காம்பராவுக்குப் போனேன். பிள்ளைகளெல்லாம் தூங்குகிற நேரம். கதவு சாத்தியிருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். விட்டத்தில் பத்துத் தொட்டில் கட்டியிருந்தது. ஆறில் குழந்தைகள். நான்கு வெறுமையாக, துணி ஒட்டிப்போய்த் தொங்கின. ஆயா ஒவ்வொன்றாக ஆட்டிக்கொண்டு வந்தார். வெறும் தொட்டில்களிடம் வந்தும் நிற்காமல் ஆட்டினார். "பாக்கியம் கண்ண மூடு. செல்லத்தொர, போதும்யா, தூங்கு. ராமாயி. மாரிமுத்து அழுவாத." ஆறு குழந்தைகளோடு நான்கு தொட்டிலும் சேர்ந்தே ஆடின. கீழே பாயில் படுத்திருந்த என் தங்கச்சி கண்ணைத் திறந்துகொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆயா என்னைக் கண்டுவிட்டார். வெளியே வந்தார்.

"அதுங்களும் தூங்கணும்ல தாயி," என்றார். "நாந்தான் அன்னைக்கும் பாத்துக்கிட்டேன். எங்கைலதான் போச்சுங்க. ஆட்டாம விட்டா எனக்கு இருப்பு கொள்ளாது."

நானும் அதே பாயில் படுத்திருந்தவள். நானும் அதைக் கேட்டுத் தூங்கியிருப்பேன். எனக்கு நினைவில் இல்லை, என் தங்கச்சிக்கு இருந்தது, அவ்வளவுதான் விஷயம். பெரிய பாரம் இறங்கினது போல இருந்தது. அப்போதுதான் அந்தக் கேள்வி வாயில் வந்தது.

"ஆயா, காந்திமதி?"

"அது யாரு?" என்றார். "அப்பிடி ஒரு புள்ள இங்க வந்ததேயில்ல."

ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா மற்றவர்களிடம் சொன்னாள். ஆயாவைத் துரையிடம் சொல்லித் தூக்கிவிடுவார்கள் என்று நான் பயந்தேன். நடந்தது வேறு. மறுநாள் பகல் சாப்பாட்டு மணி அடித்தபோது, நான்கு பெண்கள் சோற்றுக்குப் போகாமல் பிள்ளைக் காம்பரா ஜன்னலோரமாக வந்து நின்றார்கள். கூடை முதுகில் இருந்தது, படங்குச் சாக்கு இடுப்பில் இருந்தது. உள்ளே ஆயா பெயர்களைச் சொன்னார். இவர்கள் கேட்டார்கள். யாரும் அழவில்லை. கேட்டு முடித்துவிட்டு மறுபடி மலைக்குப் போனார்கள். மறுநாளும் வந்தார்கள். அந்த நான்கு தொட்டிலும் அதற்குப் பிறகு கொஞ்சம் கனத்தோடு ஆடின மாதிரி எனக்குத் தோன்றும்.

மூன்றாம் நாள், தங்கச்சியைக் கூட்டிப்போக நான் உள்ளே நின்றபோது, அவர்களோடு பெரியம்மாவும் வந்து நின்றாள். பெரியம்மா என் அம்மாவின் அக்கா, அதே லயத்தில் கோடிக் காம்பராவில் இருந்தவள். பெரியப்பா கங்காணி. அவர்களுக்குப் பிள்ளையில்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன். அந்த ஐந்தாவது மரம் அவளுடையதென்று அன்றுதான் அறிந்தேன். நான்கு பெயர்களைச் சொல்லி முடித்து ஆயா நிறுத்தினார். பெரியம்மா காத்திருந்தாள். பிறகு உள்ளே போய், "எம் புள்ளய மட்டும் ஏன் கூப்புடல?" என்று கேட்டாள்.

"ஒம் புள்ளைக்குப் பேரு வைக்கிறதுக்கு முந்தியே போயிருச்சே தாயி. நா என்னான்னு கூப்புடுவேன்?"

"வச்சேன்," என்றாள் பெரியம்மா. "யார்ட்டயும் சொல்லல. மனசுக்குள்ள வச்சேன். காந்திமதின்னு."

ஆயா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். ஜன்னலோரத்தில் நின்ற ஒரு பெண், "அந்த முட்டப் பேரு," என்று மெல்லச் சொன்னார். எல்லாப் பெயரும் அவள் வைத்தது என்றே லயத்தில் முடிவாகியிருந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் தங்கச்சியின் பக்கம் திரும்பினார்கள்.

நான்கு பெயருக்குத் தொட்டில் காரணமாயிற்று. ஐந்தாவதற்கு ஒரு காரணமும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோடாங்கியை அழைத்து வந்தார்கள். உடுக்கை அடித்துக் குறி சொல்லுகிறவர். பகல் வெயில் இஸ்தோப்பில் விழுந்து கிடந்தது. அவர் தங்கச்சியை எதிரில் உட்கார வைத்து உடுக்கையை அடித்தார். அவள் ஆடவில்லை, கொட்டாவி விட்டாள். அவர் நிறுத்திவிட்டு அம்மாவிடம் சொன்னார்.

"அந்தப் பேரச் சொன்ன வாய்லதான் அது இருக்கு. கெட்டது பண்ண வரல. அம்மாவத் தேடி வந்திருக்கு. சொன்ன புள்ளய அந்த அம்மாகிட்டயே குடுத்துருங்க. குடுக்காட்டி இதையும் கூட்டிட்டுப் போயிரும்."

இஸ்தோப்புத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நான்தான் சொன்னேன் என்று சொல்ல ஒரு நொடி போதும். சொன்னால் நான் போக வேண்டும். பெரியம்மாவின் காம்பராவில் எப்போதும் விளக்கு மங்கலாக இருக்கும், யாரும் சத்தமாகப் பேசமாட்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. தங்கச்சி என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

தவிட்டுக்கு வாங்குவது நம் ஆட்களிடம் இருக்கிற வழக்கம்தான். நிலைக்காது என்று பயப்படுகிற பிள்ளையைக் குப்பையில் கிடத்தி, வேறொருத்தி ஒரு படி தவிடு கொடுத்து வாங்கிக்கொள்வாள். சாமியை ஏமாற்றுகிற வேலை. கொஞ்ச நாளில் பிள்ளை தன் வீட்டுக்கே திரும்பிவிடும். கீழே சிங்களக் கிராமத்து ஆலையிலிருந்து பெரியப்பா தவிடு வாங்கி வந்தார். லயத்துக் கோடியில் குப்பை கொட்டுகிற இடத்தில் சாக்கை விரித்து அம்மா தங்கச்சியைப் படுக்க வைத்தாள். பெரியம்மா சுண்டுப் படியால் அளந்து தவிட்டை முறத்தில் போட்டாள், தங்கச்சியைத் தூக்கிக்கொண்டாள், திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். அவள் தோளில் கிடந்த தங்கச்சி மட்டும் எங்களையே பார்த்துக்கொண்டு போனாள். அம்மா முறத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அங்கேயே நின்றாள்.

மூன்று மாதம் என்றுதான் பேச்சு. இரண்டாம் மாதம் பெரியப்பா ஓப்பநாயக்கப் பக்கம் ஒரு தோட்டத்துக்கு வேலை மாற்றிக்கொண்டு போனார். தங்கச்சியும் போனாள். திருவிழாவுக்கு வந்தபோது பெரியம்மாவை அம்மா என்றும் எங்கள் அம்மாவைச் சித்தி என்றும் கூப்பிட்டாள். யாரும் திருத்தவில்லை. பெரியம்மா வாய்விட்டுச் சிரித்ததை நான் அந்தத் திருவிழாவில்தான் முதல் தடவையாகக் கேட்டேன். பிள்ளைக் காம்பராவில் கேசட் எப்போதோ நாடா சிக்கி அறுந்துபோயிருந்தது. அந்த முட்டை உடைந்ததா இல்லையா என்று எங்களில் யாருக்கும் தெரியாது.

நான் படித்தேன், வேலைக்குப் போனேன், கேகாலையில் வீடு வைத்தேன். எல்லாம் செய்தேன். தங்கச்சி பதினாறு வயதில் கொழுந்துக்கூடை மாட்டினாள். அவளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சொல்ல வேண்டும் போலிருக்கும். பார்க்காதபோது தைரியமாக இருக்கும்.

போன வருடம் அம்மா என் வீட்டில் படுக்கையில் விழுந்தாள். பெரியம்மா அதற்கு முன்பே போய்விட்டாள். ஒரு நாள் காலை பத்து மணிக்கு, தலையைச் சீவிவிட்டுக்கொண்டே, "அம்மா, அந்தப் பேரு நான் வச்சது," என்று சொல்லிவிட்டேன். முப்பது வருடம் சுமந்ததை இறக்கியபோது அதற்கு ஒரு சத்தமும் இல்லை.

அம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியும்."

சீப்பு என் கையில் நின்றது.

"அந்தப் பேர அக்கா யார்ட்டயும் சொல்லலன்னு சொன்னாள்ல. எங்கிட்டச் சொன்னா. புள்ளயக் குழியில வைக்கிறப்ப எங்காதுல சொன்னா. நா ஒங்க அப்பாவுக்கும் சொன்னதில்ல. ஒனக்கு எப்பிடி வந்துச்சுன்னு எனக்குத் தெரியாது."

"நான் வச்சதுன்னு யாரு சொன்னா?"

"சின்னவதான். கோடாங்கி போனதும் அடுப்படிக்கு ஓடியாந்து எம் மடியில விழுந்து சொன்னா, 'அது நா இல்லம்மா, அக்கா வச்ச பேரு'ன்னு. நாந்தான் அவ வாயப் பொத்துனேன். யார்ட்டயும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்குனேன்."

"ஏம்மா?"

அம்மா என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

"ஒருத்தியக் குடுக்கணும்னு ஆயிருச்சு. ஒன்னக் குடுக்க மனசு வரல."

சீவி முடித்துச் சடையைப் பின்னினேன், பிரித்து மறுபடி பின்னினேன்.

பிற்பகல் பஸ்ஸில் தங்கச்சி வந்தாள். வாரா வாரம் இரண்டு பஸ் மாறி வருவாள். பையை வைத்துவிட்டுக் கைகால் கழுவினாள், அடுப்பில் இருந்த கஞ்சியை ஆற்றி எடுத்துக்கொண்டு போய் அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். அம்மா உதட்டை இறுக்கிக்கொண்டு அவளையே பார்த்தாள், கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. தங்கச்சி அதை முந்தானையால் துடைத்துவிட்டுக் கரண்டியை நீட்டினாள்.

"வாயத் தெறங்க சித்தி," என்றாள்.

அம்மா திறந்தாள்.